தேர்வும் தேர்ச்சியும்

மும்பை மாநகரின் வடாலாப் பகுதியை நம் நேயர்களுள் பலர் அறிந்திருப்பர். மாட்டுங்கா, சயான், ஆண்டாப் ஹில் என்று தமிழ் ஒலிக்கும் இடங்கள் சூழ அமைந்த பகுதி அது. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளும், துறைமுகத்தையும் புகைவண்டியையும் நம்பி வாழ்ந்தோரின் வீடுகளும், சிறு வணிகர்களின் இல்லங்களும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் மாட்டுங்காவில் தோன்றியது. தென்னிந்தியர் நலச் சங்கம் 1934இல் தோன்றி வடாலாவில் பள்ளி வளர்த்தது. பிழைப்புத் தேடி வந்த ஊரில் காலூன்றுமுன்னரே பள்ளிக்கு நிதி திரட்டிய தலைமுறை அது. கல்வியே தங்கள் மக்களுக்குத் தாங்கள் விட்டுச் செல்லக்கூடிய காணிநிலம் என்று அவர்கள் கருதினார்கள்.

அத்தகைய பகுதியில் இன்று எந்த வீட்டிற்குச் சென்றாலும் அடிக்கடி நம் காதில் விழும் சொல் ஒன்று உண்டு. அது ‘பரீட்சை’ என்பதாகும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கிறது. மழை ஓய்வதற்குள் முதல் ‘யூனிட் டெஸ்ட்’ வந்துவிடுகிறது. தீபாவளிக்கு முன் பருவத் தேர்வு, பின்னர் மற்றுமொரு யூனிட் டெஸ்ட், ஆண்டிறுதியில் பெருந்தேர்வு. இவற்றுக்கிடையே வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு, உதவித்தொகைத் தேர்வு, தனியார் நடத்தும் ‘ஒலிம்பியாடு’. மாலையில் செல்லும் டியூஷன் வகுப்பில் வாரந்தோறும் ஒரு சோதனை. பத்தாம் வகுப்பை எட்டிவிட்டாலோ, பொதுத் தேர்வுக்கு முன் ‘ப்ரிலிம்’ என்னும் ஒத்திகை. அந்த ஒத்திகைக்கும் முன் டியூஷன் வகுப்பில் வேறோர் ஒத்திகை. ஓராண்டில் தேர்வுக்கெனச் செலவாகும் நாட்களை நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தால், பாடம் கற்பிப்பதற்கு எஞ்சும் நாட்கள் எத்தனை என்ற ஐயம் எழாமற் போகாது.

இத்தனை தேர்வுகளும் யாருக்காக நடைபெறுகின்றன? இவற்றின் விடையைக் கொண்டு யார் என்ன செய்கிறார்கள்? இதனையே இன்று நாம் சற்று ஆராய எண்ணுகிறோம்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் தேர்வுகளுக்குக் கடமைப்பட்டவர்கள். நம் தந்தையரும் பாட்டனாரும் சிபாரிசுக் கடிதங்களோடு இந்நகருக்கு வந்தவர்கள் அல்லர். தட்டெழுத்துத் தேர்விலும் சுருக்கெழுத்துத் தேர்விலும் பெற்ற சான்றிதழ்களையே அவர்களுட் பலர் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறினார்கள். யாருடைய மகன், எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேளாமல், நிமிடத்திற்கு எத்தனை சொல் என்று மட்டும் கேட்ட தேர்வு அவர்களுக்கு வாழ்வளித்தது. அரசுப் பணிகளுக்கு ஆள் எடுப்பதற்கென 1929இலேயே பணியாளர் தேர்வாணையம் ஒன்றை அமைத்து, மாகாணங்களுள் முன்னோடியாக நின்றது சென்னை மாகாணம். செல்வாக்கு இல்லாதவனுக்குத் தேர்வு ஒரு பாதுகாப்பு. அதை அடியோடு ஒழித்துவிட்டால், அந்த இடத்தில் வந்து அமர்வது அறிவாக இராது. பெரும்பாலும் அறிமுகமாகவே இருக்கும்.

ஆகவே தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது நம் கேள்வியன்று. எத்தனை, எதற்கு என்பவையே நம் கேள்விகள்.

தேர்வுகள் ஏன் பெருகுகின்றன என்பதை அறிய வரலாறு துணை செய்கிறது. இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டில் ஒரு விதி வந்தது. பள்ளிக்கு அரசு தரும் மானியத்தில் பெரும்பகுதி, படிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்கள் என்பதைப் பொறுத்தே வழங்கப்படும் என்பது அவ்விதி. ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையாகச் சோதிப்பார்; தேறாத பிள்ளைக்கு மானியம் குறையும். விளைவு யாது? ஆசிரியர்கள் அந்த மூன்றை மட்டுமே கற்பிக்கலாயினர். படிப்புத் தேர்வுக்குரிய புத்தகத்தைப் பிள்ளைகள் முழுதும் மனப்பாடம் செய்து, எழுத்தைப் பாராமலே ஒப்பித்தார்கள். பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மாத்யூ ஆர்னால்டு இம்முறையை வன்மையாகக் கண்டித்தார். நம் நாட்டில் சென்னை, பம்பாய் மாகாணங்களிலும் இம்முறை புகுந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் குழு இதனை ஆராய நேர்ந்தது. பள்ளியைக் கண்காணிப்பதற்காக வந்த ஒரு கருவி, பிள்ளையின் தலைமேல் சுமையாக ஏறிய கதை இது.

நாடு விடுதலை பெற்ற பின் அறிஞர்கள் இக்குறையை உணராமல் இல்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்கலாம் என்றால் அது தேர்வு முறைச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற கருத்தைத் தெரிவித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவோ இன்னும் தெளிவாகப் பேசியது. வெளித் தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மாணவனின் பள்ளிப் பதிவேட்டிற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும். எண்களால் ஆன மதிப்பெண்ணை விடுத்து, தரக் குறியீடுகளைக் கையாள வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுட் சில. எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசுகையில், புத்தகச் சுமையால் கூனிப் போகும் குழந்தைகளுக்காக வாதாடினார். பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் சுமையற்ற கற்றலைப் பற்றி அறிக்கை அளித்தது. அறிக்கைகளுக்கு நாட்டில் பஞ்சமில்லை. தேர்வுகளுக்கும் பஞ்சமில்லை.

நம் தாய் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெறவேண்டும் என்பதற்காகப் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு, இரண்டாண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின. இத்தீங்கைத் தடுக்க 2017இல் தமிழ்நாட்டு அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்தது. தவறு செய்தவை பள்ளிகள். தண்டனை போல வந்த தேர்வை எழுதியவர்களோ பிள்ளைகள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதும் நிலை உண்டாயிற்று. 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்கூடப் பொதுத் தேர்வு என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு வலுத்தது, 2020 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வும் கைவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதனை எழுதிய பல இலட்சம் மாணவர்களுக்கு அந்த ஓராண்டு திரும்பி வரப்போவதில்லை.

நாம் வாழும் மகாராஷ்டிரத்திலும் கதை ஏறத்தாழ இதுவே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. எந்த வகுப்பிலும் நிறுத்தி வைத்தலையும் தடுத்தது. 2019இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் தேர்வு நடத்தவும், தேறாதவரை நிறுத்தி வைக்கவும் மாநிலங்களுக்கு வழி திறந்தது. மகாராஷ்டிர அரசு 2023இல் தன் விதிகளை இதற்கேற்ப மாற்றிக்கொண்டது.

இங்கே எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். தேர்வைத் தளர்த்தியதால் பிள்ளைகள் ஒன்றும் கல்லாமல் மேல் வகுப்புக்குச் சென்றுவிட்டார்கள் என்று பலர் கூறுகிறார்கள். இது முற்றிலும் கற்பனை அன்று. 1990களில் இந்த மும்பை நகரின் குடிசைப் பகுதிகளில் பணி தொடங்கிய ‘பிரதம்’ என்னும் அமைப்பு, 2005 முதல் நாட்டின் ஊர்ப்புறங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் படிப்புத் திறனை அறிந்து வருகிறது. அதன் 2018ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஏறத்தாழப் பாதிப் பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க வல்லவராய் இருந்தனர். வருந்தத்தக்க செய்திதான்.

ஆயினும் இச்செய்தியை நமக்குத் தந்த முறையைக் கவனியுங்கள். ஒரு தாளில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை, அவ்வளவே. ஒருவர் குழந்தையின் அருகில் அமர்ந்து, அது படிப்பதைச் சில நிமிடங்கள் கேட்கிறார். மூன்று மணி நேரத் தேர்வு இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, தேர்ச்சி தோல்வி இல்லை. எனினும் அந்தக் குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்பது ஐயமற விளங்கிவிடுகிறது. அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் உடனே தெரிந்துவிடுகிறது. கற்கவில்லை என்ற நோய்க்கு மேலும் ஒரு பெருந்தேர்வு மருந்தாகாது. நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று நாள்தோறும் பிடுங்கிப் பார்ப்பவனின் வயல் விளைவதில்லை. தண்ணீர் பாய்ச்சுபவனின் வயலே விளைகிறது.

அப்படியாயின் எத்தகைய தேர்வு வேண்டும்? நம் கருத்தில், தேர்வு என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடைபெறுகின்றன. அவற்றைப் பிரித்தறிந்தால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதல் வேலை, கற்பிப்பதற்குத் துணை செய்வது. பிள்ளைக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று ஆசிரியர் அறிந்து, நாளைய பாடத்தை மாற்றியமைத்துக்கொள்வது. இது அடிக்கடி நடக்கலாம், நடக்கவும் வேண்டும். ஆனால் இதற்கு மதிப்பெண் வேண்டியதில்லை. படித்ததை மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுக்குக் கொண்டுவர முயல்வது மனத்தில் நன்கு பதியும் என்று 2006இல் அமெரிக்க உளவியலார் இருவர் ஆய்ந்து காட்டினர். ஆசிரியர் வகுப்பில் கேட்கும் சிறு வினாக்கள் இப்பயனைத் தரும். அச்சமூட்டும் அரங்கு அதற்குத் தேவையில்லை.

இரண்டாவது வேலை, சான்றளிப்பது. இவர் மருத்துவம் பயிலத் தக்கவர், இவர் கணக்கராகத் தக்கவர் என்று உலகுக்கு உரைப்பது. இது பிள்ளையின் வாழ்வில் சில முறையே நிகழ வேண்டும்; மிகுந்த நேர்மையோடு நிகழ வேண்டும்.

மூன்றாவது வேலை, பள்ளிகளும் கல்வித் துறையும் தம் கடமையைச் செய்கின்றனவா என்று கண்காணிப்பது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களை அறிந்த உண்மை. மாநிலத்தின் கல்வி நிலையை அறிய, எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டியதில்லை. சில பள்ளிகளில் சில பிள்ளைகளைச் சோதித்தாலே போதும். தேசிய அளவில் 2017இலும் 2021இலும் நடைபெற்ற அடைவு ஆய்வுகள் இவ்வாறு மாதிரி எடுத்தே நடத்தப்பட்டன. ஆனால் இப்பழமொழியைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாகாது. வகுப்பறை சோற்றுப் பானை அன்று. ஒரு பிள்ளையின் பதம் மற்றொரு பிள்ளையின் பதமாகாது. ஆகவே கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்தாக வேண்டும். கண்காணிக்கும் அலுவலகத்திற்கோ மாதிரியே போதும். நம் நாட்டில் பெரும்பாலும் இது மாறி நடக்கிறது. அலுவலகம் ஒவ்வொரு பிள்ளையின் எண்ணையும் கேட்கிறது. ஆசிரியர் அந்த எண்களைப் பதிவேற்றுவதில் பொழுதைப் போக்கிவிட்டு, பிள்ளையை அறிய நேரமின்றித் தவிக்கிறார்.

நல்ல எண்ணத்தோடு தொடங்கியவையும் இவ்வாறே திரிந்தன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2009இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொணர்ந்தது. பெருந்தேர்வின் அச்சத்தைக் குறைப்பது அதன் நோக்கம். நடைமுறையில் பல பள்ளிகளில் தொடர் மதிப்பீடு என்பது தொடர் தேர்வாக மாறிற்று. செயல்திட்டங்களுக்கு மதிப்பெண், ஒழுக்கத்திற்கு மதிப்பெண், கலைக்கு மதிப்பெண் என்று படிவங்கள் மலையெனக் குவிந்தன. 2017இல் அம்முறை கைவிடப்பட்டது. 2018 முதல் பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. மூன்று வேலைகளையும் ஒரே கருவியால் செய்ய முற்பட்டதே இத்தோல்விக்குக் காரணம் என்பது நம் கருத்து.

வெளி மாநிலத் தமிழருக்கு இதில் தனியானதொரு கவலையும் உண்டு. அது மொழியைப் பற்றியது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அது சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது.

2018ஆம் ஆண்டு நடைபெற்ற ‘நீட்’ தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பில் பிழைகள் இருந்ததாக வழக்குத் தொடரப்பட்டது. சிறுத்தை என்று வரவேண்டிய இடத்தில், அவ்விலங்கின் ஆங்கிலப் பெயரே ‘சீத்தா’ என்பது போல் ஒலிபெயர்த்து எழுதப்பட்டிருந்தது என்பது அப்போது பெரிதும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண்கள் வழங்குமாறு அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. வழக்கின் முடிவு எவ்வாறாயினும், அது உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. விலங்கியல் அறிந்த பிள்ளை, வினாவின் மொழி புரியாமையால் விழக்கூடும். அப்போது அத்தேர்வு அளப்பது விலங்கியலை அன்று.

தாராவியிலும் வடாலாவிலும் நாள்தோறும் நடப்பது இதன் சிறு வடிவமே. வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் மும்பை இந்தி, பள்ளியில் ஆங்கிலம், பாடமாக மராத்தி என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளரும் குழந்தை ஏழு வயதில் செய்யும் மனவேலை வியக்கத்தக்கது. கடைக்காரரிடம் ஒரு மொழியில் விலை கேட்டு, பாட்டியிடம் மற்றொரு மொழியில் கணக்கு ஒப்புவிக்கிறது அது. இத்திறமையை எந்த யூனிட் டெஸ்டும் அளப்பதில்லை. மாறாக, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கணக்கின் சொற்கள் விளங்காமையால் அக்குழந்தை ‘கணக்கில் மந்தம்’ என்று குறிக்கப்படுகிறது. ஒரு முறை பதிந்த அக்குறிப்பு மறு ஆண்டும் தொடர்கிறது. பெற்றோரும் அதையே நம்பத் தொடங்குகிறார்கள். காலப்போக்கில் குழந்தையும் நம்பிவிடுகிறது. இதுவே நாம் அஞ்ச வேண்டிய இழப்பு. தேசியக் குற்றப் பதிவுத் துறையின் கணக்கின்படி 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவை அனைத்திற்கும் தேர்வே காரணம் என்பதற்கில்லை. ஆயினும், ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்தை ஓர் இளம் உள்ளத்தில் ஊன்றும் எச்செயலையும் நாம் இலேசாக எண்ணலாகாது.

தேர்வு தவறாக அளந்ததற்கு நம் நாட்டில் கணித மேதை இராமானுஜத்தைவிடச் சிறந்த சான்று தேவையில்லை. 1904இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அவ்வுதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1913இல் அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜில் ஹார்டி என்னும் ஒரு மனிதர் பொறுமையோடு படித்துப் பார்த்தார். 1918இல் இராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். எல்லாப் பிள்ளைகளும் இராமானுஜன் ஆகிவிடுவதில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தம்மைப் பொறுமையோடு படித்துப் பார்க்கும் ஒருவர் தேவை.

நம் பழைய முறையிலும் இத்தகைய சோதனை இருந்தது. உ. வே. சாமிநாதையர் மாணவராகச் சேர வந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரை நைடதத்திலிருந்து பாடல் சொல்லச் செய்து, பொருளும் கேட்டார். ஆசிரியர் கேட்டார், மாணவர் சொன்னார், எவ்விடத்திலிருந்து பாடம் தொடங்கலாம் என்பது இருவருக்கும் தெரிந்தது. இதனால் பழையன யாவும் நல்லன என்று கூறுவதாகக் கொள்ள வேண்டா. திண்ணைப் பள்ளிகளில் பொருள் அறியாத மனப்பாடமும் பிரம்படியும் நிறைந்திருந்தன. அங்கே எல்லாருக்கும் இடமும் இல்லை. ஆயினும், அருகில் இருந்து கேட்டறிவது என்னும் ஒன்று நாம் போற்றி வைத்துக்கொள்ளத் தக்கதாகும்.

எமது மொழிபெயர்ப்புத் தொழிலில் புதிதாய் வந்தவரின் படியை மூத்தவர் சரிபார்க்கும்போது, நூற்றுக்கு இத்தனை என்று எழுதி அனுப்புவதில்லை. பொருந்தாத சொல்லை அடித்து, மேலே தக்க சொல்லை எழுதுகிறார். ஓரத்தில் ஒரு வரி காரணம் குறிக்கிறார். அந்த ஒரு வரியால்தான் அடுத்த படி திருந்துகிறது. ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலில் செய்த ஆய்வும் இதையே காட்டிற்று. குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினர். மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அம்முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது போலும்.

இனி, நம் தாய்மொழியைப் பற்றி ஒரு சொல். நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுட் பலவற்றில் தமிழ் ஒரு பாடமாக இல்லை. ஆகவே தமிழுக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாததற்கு நேரமும் இல்லை. தேர்வு இல்லாத ஒன்றைக் கற்கத் தேவையில்லை என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் நாம் அறியாமலே வேரூன்றிவிட்டது. தேர்வு மிகுதியின் மிகக் கொடிய விளைவு இதுவென்றே சொல்லத் தோன்றுகிறது. இதைக் கண்டு கவலையுற்ற அன்பர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளிலும் தேர்வும் தரவரிசையும் வைத்தால் பிள்ளைகள் படிப்பார்கள் என்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த வழி நெடுந்தொலைவு செல்லாது.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பள்ளியில் தாய்மொழிப் பாடமாக உண்டு, தேர்வும் உண்டு. அதனால் தமிழ் அந்நாட்டுப் பள்ளிகளில் நிலைத்திருப்பது பெரும் பேறு. ஆயினும் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 3.3 விழுக்காடாக இருந்தது, 2020இல் 2.5 ஆகக் குறைந்தது. தேர்வு மொழியைப் பள்ளியில் நிறுத்தலாம். வீட்டிற்குள் அழைத்து வர அதனால் இயலாது. அந்நாடே 2019 முதல் தொடக்கப் பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வுகளை நீக்கியதும், 2023க்குள் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வுகளைக் கைவிட்டதும் சிந்திக்கத் தக்கவை. தேர்வுக்குப் பேர்போன நாடும் போதும் என்று உணரத் தொடங்கியுள்ளது.

பெற்றோராகிய நாம் செய்யக்கூடியவை எவை? சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. கேள்வியை மாற்றுவது நம் கையில் உண்டு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, ‘என் பிள்ளை எத்தனையாவது இடம்?’ என்று கேட்பதை விடுத்து, மூன்று கேள்விகளைக் கேட்போம். இந்தத் தேர்வில் என் பிள்ளைக்கு விளங்காதது எது என்று தெரிந்தது? அதை மீண்டும் கற்பிக்க என்ன ஏற்பாடு? அந்த ஏற்பாடு இல்லையென்றால் அடுத்த தேர்வு எதற்கு? பணிவோடும் விடாமலும் பல பெற்றோர் இவ்வாறு கேட்பார்களாயின், தேவையற்ற தேர்வுகள் தாமே குறையும். ஆசிரியர்களுட் பலர் இக்கேள்விகளை வரவேற்பார்கள் என்றே நம்புகிறோம். ஏனெனில் அவர்களும் இச்சுமையைச் சுமப்பவர்களே. டியூஷன் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போதும், வாரத்திற்கு எத்தனை சோதனை என்பதை அளவுகோலாகக் கொள்ள வேண்டா. திருத்திய தாளில் ஆசிரியர் என்ன எழுதித் தருகிறார் என்று கேட்டுப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

வீட்டிலோ, இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழையோ, கோயில் கொடை விழா நோட்டீசையோ, தமிழ் நாளேட்டின் ஒரு செய்தியையோ பிள்ளையின் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வோம். தடுக்கும் இடத்தில் சொல்லிக் கொடுப்போம். அழைப்பிதழில் உள்ள பெயர்கள் யாருடையவை, அவர்கள் நமக்கு என்ன உறவு என்று விளக்குவோம். படித்து முடித்ததும் மதிப்பெண் கூற வேண்டா; அண்ணன் இதைவிட நன்றாகப் படித்தான் என்றும் சொல்ல வேண்டா. சென்ற மாதம் எழுத்துக் கூட்டிய பிள்ளை இந்த மாதம் வரியாகப் படிப்பதை நாமே நம் காதால் கேட்டறிவோம். தேர்ச்சி என்பதன் பொருள் அதுவே.

தேர்வு வேண்டும், அது அளவோடு வேண்டும். எந்தத் தேர்வின் விடையைக் கொண்டு ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லையோ, அந்தத் தேர்வை நடத்தாதிருப்பதே பிள்ளைக்குச் செய்யும் நன்மை. மிச்சமாகும் அந்த நாளில் ஆசிரியர் ஒரு பாடத்தைக் கூடுதலாகக் கற்பிக்கலாம். பிள்ளை ஒரு கதையைக் கூடுதலாகப் படிக்கலாம். தங்கள் வருவாயில் சிறிது பிரித்து வடாலாவிலும் மாட்டுங்காவிலும் பள்ளிகளை எழுப்பிய நம் முன்னோர், தங்கள் மக்கள் கற்க வேண்டும் என்பதற்காகவே அவற்றை எழுப்பினார்கள்.